ஊரை விட்டுத் தனியே வந்த குழந்தை: கிருஷ்ணகிரி, தருமபுரியில் புதிதாகப் பணியில் சேர்வோருக்கு

குழந்தைகள் இல்லத்திலோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, 1098 குழந்தைகள் உதவி எண் மையத்திலோ, காவல் நிலையத்தில் குழந்தை நலக் காவல் அலுவலராகவோ நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தால் இந்தக் குறிப்புகள் உங்களுக்கானவை. பெற்றோர் இல்லாமல் வெளிமாநிலத்திலிருந்து வந்து சேரும் குழந்தையை மீட்பது ஒரு நாள் வேலை. பெரும்பாலான தவறுகள் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன: குழந்தையின் மொழி புரியாமல் அறிக்கை எழுதுவது, மாமா என்று வந்தவரிடம் ஒப்படைத்துவிடுவது, வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே ரயில் ஏற்றிவிடுவது. அதனால் இங்கே மீட்பைப் பற்றிக் குறைவாகவும், அதன் பிறகு செய்ய வேண்டியவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறோம்.

இரண்டுமே வழித்தட மாவட்டங்கள். பெங்களூரிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் போகிறது. ஜோலார்பேட்டை–சேலம் ரயில் தடத்தில் சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி நிலையங்கள் இருக்கின்றன. ராஞ்சி, ரூர்கேலா, ராயகடா வழியாக வரும் தன்பாத்–ஆலப்புழா விரைவு ரயில் இந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. இன்னொரு தடம் ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி வழியாகப் போகிறது. அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம், பர்கூருக்கு அப்பால் ஆந்திரா. ஓசூர் சிப்காட்டைச் சுற்றிய பட்டறைகள், கட்டட வேலை, தளி, கெலமங்கலம் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்கள், கல் அறுக்கும் இடங்கள், மாம்பழ சீசனில் கூழ் ஆலைகள், செங்கல் சூளைகள், நெடுஞ்சாலை தாபாக்கள் என்று ஆள் தேவைப்படும் இடங்கள் இங்கே ஏராளம். எந்த மாதத்தில் எந்த வேலைக்கு ஆள் இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

யாரைக் கணக்கில் எடுப்பது

18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைதான். தனியாக நிற்பவர்தான் தனியே வந்த குழந்தை என்று நினைக்காதீர்கள். மேஸ்திரியோடு ஆறு பேராக வந்த பையன்களும், அக்கா வீட்டுக்காரர் என்று சொல்லப்படும் ஒருவரோடு வந்த சிறுமியும், கணவன் என்று ஒருவரைக் காட்டும் 16 வயதுப் பெண்ணும் இதில் அடங்குவார்கள். கூட ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று பார்த்து நிறுத்தாதீர்கள். அவர் சட்டப்படி பெற்றோரா, பாதுகாவலரா என்று பாருங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 2(14) இவர்களைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் என்கிறது. சட்டத்தின் பெயர் சொல்லாமல் இங்கே வரும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்தினவை.

அதே நேரம், சூளையில் அப்பா அம்மாவோடு தங்கியிருக்கும் பிள்ளையைப் பிரித்துக் கூட்டி வராதீர்கள். அங்கே தேவைப்படுவது பள்ளிச் சேர்க்கையும் தொழிலாளர் துறையின் ஆய்வும். குடும்பத்தையே கொத்தடிமையாக வைத்திருந்தால் குடும்பம் முழுவதையும் சேர்த்து மீட்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கேள்விகள். காவலர் சாதாரண உடையில் இருக்க வேண்டும். முதலாளியோ மேற்பார்வையாளரோ பேச்சு காதில் விழும் தூரத்தில் இருக்கக் கூடாது. பலர் சேர்ந்து மீட்கப்பட்டால், வண்டியில் ஏறும் முன்பே ஒவ்வொருவரின் துணிப்பையையும் போனையும் எடுத்துக்கொண்டார்களா என்று பாருங்கள். அறையில் விட்டு வந்த பை பிறகு கிடைப்பதில்லை. ஊர்ப் பெயர் எழுதிய பள்ளி நோட்டும், வீட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டும் பெரும்பாலும் அந்தப் பையில்தான் இருக்கும்.

படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மீட்புக் குழுவோடு நிற்க வைத்து எடுக்கும் படத்தையும் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது பிரிவு 74-இன் கீழ் குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. தண்டனையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆள் அனுப்பிய தரகர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் குழந்தை எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்.

24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தையை, அதன் பராமரிப்பு பற்றி உத்தரவிடும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டு வர வேண்டும். காவலர், 1098 பணியாளர், தொண்டு நிறுவனத்தார், மருத்துவர், அக்கறையுள்ள எந்தக் குடிமகனும் இதைச் செய்யலாம். குழந்தை தானாகவே போய் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரைப் பிரிந்த குழந்தையைக் கண்டும் தகவல் சொல்லாமல் இருந்தால் பிரிவு 34-இன்படி 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தாபாக்காரர்களிடமும் விடுதி நடத்துபவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஓசூரில் கிடைத்த குழந்தை கிருஷ்ணகிரி மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும், மொரப்பூரில் கிடைத்த குழந்தை தருமபுரிக் குழுவுக்கு. குழு கூடாத நேரம் என்றால் ஒரு தனி உறுப்பினர் முன் ஆஜர்படுத்தினாலே போதும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் திங்கள் வரை காத்திருந்தோம் என்பது ஏற்கப்படாது. ஆனால் தனி உறுப்பினர் தரும் உத்தரவு தற்காலிகத் தங்கலுக்குத்தான். வழக்கை இறுதியாக முடிக்கும்போது குறைந்தது 3 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஒரே உறுப்பினர் கையெழுத்தோடு யாராவது இரவில் வந்து ஒப்படைப்பு கேட்டால், இல்லக் கண்காணிப்பாளர் குழுத் தலைவரைக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் கதவைத் திறக்கக் கூடாது.

இரவில் குழந்தை காவல் நிலையத்தில் இருக்கக் கூடாது. இல்லம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வண்டி இல்லை என்பது எல்லா நிலையங்களிலும் கேட்கும் காரணம். வண்டியை மாவட்ட அலகு ஏற்பாடு செய்யுமா, காவல்துறை ஏற்பாடு செய்யுமா என்று முன்பே பேசி முடித்து, எண்ணை நிலையத்தின் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

ஆஜர்படுத்தும்போது கொடுக்கும் அறிக்கை மத்திய மாதிரி விதிகளில் படிவம் 17. அதில் குழந்தை கிடைத்த இடம், நேரம், கூட இருந்தவர்கள், உடலில் தெரியும் காயங்கள், கையில் இருந்த பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும். முகவரி தெரியவில்லை என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். குழந்தை உச்சரித்த ஊர்ப் பெயரை அதன் ஒலி மாறாமல் தமிழில் எழுதி, பேசியதைப் போனில் ஒலிப்பதிவு செய்து கோப்போடு வையுங்கள். அந்த மாநிலத்துக்காரர் ஒருவர் பிறகு அதைக் கேட்டால், நீங்கள் எழுதியதில் இல்லாத ஒன்று அவர் காதில் பிடிபடும்.

முதல் இரவும் உடல் பரிசோதனையும்

இல்லத்துக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும். சொறி, பேன், ரத்தசோகை, வெட்டுக்காயம் இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். கூடுதலாக மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளிலிருந்து வந்த குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை. அதே பகுதிப் பழங்குடிக் குழந்தைகளுக்கு அரிவாள் செல் ரத்தசோகைப் பரிசோதனை; மூட்டு வலி, வயிற்று வலி என்று அடிக்கடி படுத்துக்கொள்ளும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடும் வழக்கம் இதைச் செய்தால் நிற்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. கல் தூசியிலோ, பூச்சிமருந்து தெளித்த குடிலிலோ வேலை பார்த்த குழந்தை என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண இருமலாக எழுதி அனுப்பிவிடுவார்கள்.

பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் குளிக்க வைக்காதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள். உடையைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வையுங்கள். ஈரம் தங்கினால் தடயம் கெட்டுவிடும். மாதிரிகளை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சரியாகப் பலன் தரும். சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் தகவல் சொல்வதை உங்கள் கடமையாக்கியிருக்கிறது. உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்கும் உரிமை இல்லப் பணியாளருக்கு இல்லை.

படுக்கப் போகும் முன் கழிப்பறை எங்கே, விளக்கு சுவிட்ச் எங்கே, இரவில் யாரை எழுப்பலாம் என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஓசூர்ப் பக்கம் குளிர் கடுமை. ஒரு போர்வை போதாது. சாம்பாரையும் இட்லியையும் ஒதுக்கி வைத்தால் அதை அடம் என்று எண்ண வேண்டாம். அந்தப் புளிப்பு வடக்கத்திப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதது. முதல் வாரத்தில் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை, சப்பாத்தி இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்.

அண்ணன் தங்கையாக வந்தவர்கள் ஆண், பெண் இல்லங்களுக்குப் பிரிந்து போவார்கள். அன்றே குழுவிடம் எழுதிக் கேட்டு, வாரம் ஒரு முறை சந்திக்கவும் தினம் ஒரு முறை போனில் பேசவும் உத்தரவு வாங்குங்கள். பையன் சுவர் ஏறிக் குதித்தால் பல நேரம் தங்கையைத் தேடித்தான் போயிருப்பான்.

ஊரைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையில் நிதானம் அதிகம் தேவைப்படும் இடம் இது. முதலில் மொழி. வெளிமாநிலம் என்றால் ஹிந்தி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒடியா, வங்காளம், அசாமி, போஜ்புரி, மைதிலி, சாத்ரி, சந்தாலி, ஹோ, முண்டாரி என்று எதுவும் வீட்டு மொழியாக இருக்கலாம். ஒடிசாவிலிருந்து வந்த சந்தாலிப் பிள்ளைக்கு ஒடியா மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் பாதிதான் புரியும். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளம் பேசினாலே பங்களாதேஷ் என்று எழுதிவிடும் போக்கும் இருக்கிறது. மேற்கு வங்கத்திலும் அசாமிலும் திரிபுராவிலும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி அது. நாட்டைப் பற்றிய ஒரு சொல்லை விசாரணை முடியாமல் கோப்பில் ஏற்றினால், குழந்தையின் வாழ்க்கை பல வருடம் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

மொழிபெயர்க்க அதே வேலைத்தளத்து ஆளைக் கூப்பிடவே கூடாது. அவர் மேஸ்திரியின் உறவினராக இருக்கலாம். ரயில்வே பாதுகாப்புப் படையிலும், ஓசூர் தொழிற்சாலைகளிலும், வங்கிகளிலும் அந்த மாநிலத்தவர் இருக்கிறார்கள். முன்பே விசாரித்து, குழந்தைகள் நலக் குழுவின் ஒப்புதலோடு ஒரு பட்டியல் வைத்திருங்கள். ஆள் கிடைக்காத மொழிக்கு, சொந்த மாநிலத்தின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையே வீடியோ அழைப்பில் பேசச் சொல்லலாம்.

அடுத்து கேள்விகள். எந்த மாவட்டம் என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. வடக்கே கிராமத்து மக்கள் ஊரை அடையாளம் சொல்வது காவல் நிலையத்தை, அதாவது தானாவை வைத்து. ஆகவே உங்கள் தானா எது என்று கேளுங்கள். வாரச்சந்தை எந்த ஊரில், என்ன கிழமை? பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த ஊர் போவீர்கள்? ரயில் ஏறிய நிலையம் எது, வீட்டிலிருந்து அங்கே எதில் போனாய், போய்ச் சேரும்போது வெளிச்சமா இருட்டா? ஊருக்குப் பக்கத்தில் ஓடும் ஆறு, மலை, ஆலை, அணை ஏதாவது? பள்ளியில் சாப்பாடு சமைப்பவர் பெயர் என்ன? அம்மா பிறந்த ஊர் எது? குழந்தையிடம் கிடைக்கும் பதில்கள் சிதறியவைதான். ஆனால் சந்தைக் கிழமையும் தானாவும் பள்ளிப் பெயரும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஊர் கிடைத்துவிடும்.

பள்ளியின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் எண் உண்டு. மாவட்டம், வட்டாரம் வாரியாக இணையத்தில் தேடலாம். வட்டாரக் கல்வி அலுவலகம் வழியாகத் தலைமையாசிரியரைப் பிடித்தால், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் ஒரே பதிவேட்டில் கிடைக்கும்.

ஆதாரும் ஒரு வழி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குக் கைரேகையோடு புதிய ஆதாருக்கு விண்ணப்பித்து, ஏற்கெனவே பதிவு உள்ளது என்று அது நிராகரிக்கப்பட்டால், எங்கோ ஒரு பழைய பதிவு இருக்கிறது என்று பொருள். உரிய உத்தரவோடு அந்தப் பதிவைத் தேடச் சொல்லலாம். பேச முடியாத, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் பலர் இப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இதோடு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் இணையதளத்தில், காணாமல் போன குழந்தைகளுக்கான பகுதியிலும் பதிவேற்றித் தேடுங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று சொன்ன பிறகு, சொந்த ஊர்க் காவல் நிலையத்தில் பதிவு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே அனுப்பி வைத்த குழந்தைக்கு அப்படி எந்தப் புகாரும் இருக்காது. புகார் இல்லை என்பதே ஒரு தகவல்தான், எழுதி வையுங்கள்.

குழந்தைக்கு ஏதாவது போன் எண் மனப்பாடமாகத் தெரிந்தால் அது வீட்டு எண் என்று நினைக்காதீர்கள். மேஸ்திரி சொல்லிக் கொடுத்த எண்ணாக இருக்கலாம். மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் போட்டுப் பேச வையுங்கள். எடுத்தவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அம்மா என்றால் சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய் என்பார். எந்த ஆபீஸ், யார் பிடித்தார்கள், என்ன சொன்னாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தால் அந்த எண்ணைக் காவல்துறையிடம் கொடுங்கள்.

வயது

கையில் இருக்கும் ஆதார் நகலில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றும் வயது 18-ஐச் சற்றே தாண்டியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நகலை நம்பாமல் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். அச்சிட்ட தேதியும் ஸ்கேனில் வரும் தேதியும் வேறாக இருந்தால் திருத்தியிருக்கிறார்கள். பிரிவு 94-இன்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. பரிசோதனையை உத்தரவிலிருந்து 15 நாளில் முடிக்க வேண்டும். ஆதார் இந்த வரிசையில் இல்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. எலும்புப் பரிசோதனையில் இரண்டு வருடம் வரை முன்பின் ஆகலாம். 18 அல்லது 19 என்று வந்த உடனே வெளியே அனுப்பிவிடாமல், சந்தேகத்தின் பலனைக் குழந்தைக்குத் தரக் கேளுங்கள்.

கேட்டு வருபவர்கள்

இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் யாராவது வருவார்கள். மாமா, சித்தப்பா, ஊர்க்காரர். கையில் இனிப்பு, நோட்டரி பிரமாணப் பத்திரம், சில நேரம் ஒரு வழக்கறிஞர். குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் குழந்தையைப் பார்க்கக் கூடாது. போனில் பேசவும் அதே விதிதான். வந்தவரின் பெயர், அடையாள அட்டை நகல், போன் எண், வண்டி எண் எல்லாவற்றையும் வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். அனுமதி மறுத்து அனுப்பினாலும் எழுதுங்கள். நான்கு வெவ்வேறு குழந்தைகளுக்கு ஒரே ஆள் மாமாவாக வந்தது இந்தப் பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

சோதிக்கச் சில வழிகள். குழந்தையின் அம்மா பெயர், தம்பி தங்கைகளின் பெயர், வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இவற்றை அவரிடம் தனியாகவும் குழந்தையிடம் தனியாகவும் கேளுங்கள். பிரமாணப் பத்திரங்கள் எல்லாம் ஒரே தேதியில், ஒரே நோட்டரியிடம், ஒரே வாசகத்தில் இருக்கின்றனவா? பயணச் செலவு யார் கொடுத்தார்கள்? மேஸ்திரியின் வண்டியில் வந்து இறங்கினாரா? உண்மையான அப்பாவே வந்தாலும், முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்து அழைத்து வந்திருக்கலாம். அப்போது குழந்தை இல்ல வாசலைத் தாண்டி நேரே பழைய வேலைத்தளத்துக்குத்தான் போகும்.

பெற்றோர் என்று உறுதியானாலும் சொந்த மாவட்டத்திலிருந்து சமூக விசாரணை அறிக்கை, அதாவது குடும்பத்தையும் வீட்டுச் சூழலையும் விசாரித்து எழுதும் அறிக்கை, வராமல் ஒப்படைக்கச் சொல்லாதீர்கள். தகப்பன் கண்ணீர் விடுவார், வேலை போகிறது என்பார், இரண்டு நாள் ரயிலில் வந்தேன் என்பார். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். அவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்யுங்கள், தினமும் பிள்ளையைப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுங்கள், சொந்த மாவட்ட அலகை நாள்தோறும் கூப்பிட்டு அறிக்கையை வேகப்படுத்துங்கள். குழந்தையைத் தனியாக உட்கார வைத்துப் போக விருப்பமா என்று கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று ஆற்றுப்படுத்துநர் பேசட்டும். அப்பா குடித்துவிட்டு அடிப்பார் என்பதற்காக ரயில் ஏறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வேலை செய்த குழந்தைக்குச் சேர வேண்டியவை

பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை எந்த வேலைக்கு வைப்பதும் குற்றம். 14 முதல் 18 வரை சுரங்கம், குவாரி போன்ற ஆபத்தான வேலைகள் குற்றம். வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 79-ஐயும், ஆள் கடத்திக் கொண்டுவந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 143-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். புகாரில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் மட்டும் இருந்தால் முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டுத் தப்பிவிடுவார்.

குடும்பம் முன்பணம் வாங்கியிருந்தால் அது கொத்தடிமை முறை. ஓசூரில் சார் ஆட்சியரிடமும், மற்ற கோட்டங்களில் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் விசாரணை நடத்தி விடுவிப்புச் சான்று வாங்க வேண்டும். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கிவிடுகிறது. திருப்பித் தர வேண்டியதில்லை என்பதைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். விடுவிப்புச் சான்று இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், குழந்தை என்பதால் மறுவாழ்வு நிதியாக 2 லட்சம் ரூபாயும் கேட்கலாம். சான்று இல்லாமல் ஊர் போய்விட்டால் அங்கிருந்து வாங்குவது மிகக் கடினம். கூலி பாக்கியைத் தொழிலாளர் துறை கணக்கிடும். பணத்தைக் குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

இல்லத்தில் இருக்கும் நாட்கள்

சமூக விசாரணையை 15 நாளிலும், இறுதி உத்தரவை முதல் ஆஜரிலிருந்து 4 மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. 4 மாதம் என்பது ஒரு கல்வியாண்டில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதுவரை பிள்ளையை அறையில் உட்கார வைக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பும் சிறப்புப் பயிற்சியும் உண்டு. தமிழ் எழுதப் படிக்க ஆரம்பிக்கும்போதே, தாய்மொழிப் பாடநூலையும் அந்த மாநிலப் பாடநூல் இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். ஊர் திரும்பும்போது அங்கேயும் வகுப்பில் உட்கார வேண்டும்.

சமையல் வேலையைக் குழந்தைகள் தலையில் கட்டக் கூடாது. அடிக்கக் கூடாது, பிரிவு 82 அதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. புகார்ப் பெட்டி மொழி தெரியாத குழந்தைக்கு உதவாது. படம் வரைந்து போடலாம் என்று சொல்லிக் கொடுங்கள், பெட்டியின் சாவி இல்லப் பணியாளரிடம் இருக்கக் கூடாது.

ஊர் திரும்பும் பயணம்

வெளிமாநிலக் குழந்தையை அனுப்புவது பிரிவு 95-இன்படி. சொந்த மாவட்டக் குழுவோடு கலந்து பேசி, குழந்தைக்கு அது நல்லது என்று இங்குள்ள குழு முடிவு செய்த பிறகுதான் மாற்ற உத்தரவு. உத்தரவு கிடைத்த 15 நாளில் சிறப்பு சிறார் காவல் பிரிவு துணையோடு அழைத்துச் செல்ல வேண்டும், சிறுமி என்றால் பெண் காவலர் கட்டாயம். காவல் பிரிவு கிடைக்காவிட்டால் மாவட்ட அலகோ இல்லமோ துணை அனுப்பும். பயணப்படியை முன்பணமாகக் கொடுக்கவே சட்டம் சொல்கிறது. பணம் வரவில்லை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போகும் கோப்புகள் உண்டு, உத்தரவு வந்த அன்றே படி கேட்டுக் கடிதம் போடுங்கள்.

படுக்கை முன்பதிவு உறுதியான டிக்கெட்டாக இருக்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூரு நிலையங்கள் வசதி. தருமபுரியிலிருந்து சேலம் அல்லது ஜோலார்பேட்டை. குழந்தைக்குக் கீழ்ப் படுக்கை வேண்டாம், நடுப்படுக்கை கொடுத்து எதிரே துணையாளர் இருக்கட்டும். இரவில் கதவுப் பக்கம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கோப்பில் குழு உத்தரவு, வயதுச் சான்று, மருத்துவ அறிக்கையும் மருந்துச் சீட்டும், தனிநபர் பராமரிப்புத் திட்டம், விடுவிப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை நகல், வங்கிப் புத்தகம், பள்ளியில் படித்த சான்று ஆகியவை இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்று அந்த மாவட்டக் குழுவுக்கு, இன்னொன்று குடும்பத்துக்கு. கையெழுத்து வாங்கிக் கொண்டு வரும் ஏற்புச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். ரயில் நிலையத்திலேயே அப்பா வந்து நின்றாலும் அங்கே ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைப்பு அந்த ஊர்க் குழுவின் முன்தான்.

வழக்குச் சாட்சி சொல்ல மறுபடி இங்கே வர வேண்டியிருக்குமா என்று பயணத்துக்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் கேட்டு, காணொளி வழியாகச் சாட்சியம் அளிக்க மனு போடச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி நீதிமன்றத்துக்கு மூன்று நாள் ரயிலில் வர எந்தக் குடும்பத்தாலும் முடியாது. சாட்சி வராமல் வழக்கு விழுந்தால் அதே முதலாளி அடுத்த சீசனுக்கு ஆள் எடுப்பார்.

திரும்பிப் போன பிள்ளை மூன்று மாதத்தில் வேறு ஊருக்கு ரயில் ஏறுவது அடிக்கடி நடக்கிறது. வீட்டு வறுமை அப்படியே இருப்பதுதான் காரணம். பராமரிப்புத் திட்டத்தில் மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவை, அதாவது மாதம் 4,000 ரூபாயை, சொந்த மாவட்ட அலகு பரிசீலிக்க வேண்டும் என்று பெயர் குறித்து எழுதுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். தம்பியோ அக்காவோ இன்னும் ஏதாவது வேலைத்தளத்தில் இருக்கிறார்களா என்று பயணத்துக்கு முன் ஒரு முறை கேளுங்கள். போனபின் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் போன் செய்யுங்கள். வீட்டுக்கு ஒரு முறை, பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு முறை. வீட்டில் பள்ளிக்குப் போகிறான் என்றும், தலைமையாசிரியர் வரவில்லை என்றும் சொன்னால், அன்றே அந்த மாவட்டக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் கோப்பை மூடாமல் வையுங்கள்.